திறப்பு யார் கையில்? – கருவியோடு கருவி நேரே பேசிய கதை



அண்மைய மாதங்களில் எமது நிகழ்ச்சி முடிந்த பின்னர் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்த சிலர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "இப்ப வாற போன்கள் கோபுரம் இல்லாமலே ஒன்றோடொன்று கதைக்குமாமே, தம்பி. இடையிலை ஒருத்தரும் இல்லையெண்டால் அது பாதுகாப்புத்தானே?" ஒரு அம்மா இதையே வேறுவிதமாகக் கேட்டார்: "இடையிலை கொம்பனி இல்லையெண்டால் ஆர் ஒட்டுக்கேட்கிறது?"

இக்கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால் இம்மாத உரையை ஒரு சிறு வரலாறாக அமைத்திருக்கிறேன். நான் பொறியியலாளன் அல்லன், வணிகப் பட்டதாரி. பகலில் கணக்குப் பார்ப்பதும் ஓய்வு நேரத்தில் ஒலிவாங்கியின் முன் அமர்வதும்தான் என் வேலை. ஆனால் கணக்காளனுக்கும் இந்த விடயத்துக்கும் ஒரு பொருத்தம் உண்டு. ஒரு நிறுவனத்தின் கணக்கைப் பரிசோதிக்கப் போனால் பெட்டியில் எவ்வளவு காசு இருக்கிறது என்பது எமது முதற் கேள்வி அல்ல. பெட்டியின் திறப்பு யாரிடம், அதற்கு எத்தனை பிரதிகள், கடைசியாக எப்போது பூட்டு மாற்றப்பட்டது என்றுதான் முதலில் கேட்போம். இன்றைய கதையிலும் அதே கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு போவோம்.

கோபுரமும் அதன் பலவீனமும்

மொன்ட்ரியால்-நோரில் ஆன்றி-புராசா வீதியில் ஒரே கட்டடத்தின் மேல்மாடியில் தங்கச்சியும் கீழ்மாடியில் அண்ணனும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தங்கச்சி அண்ணனுக்குக் கைத்தொலைபேசியில் அழைப்பு எடுத்தால் அந்தக் குரல் நேரே கீழே இறங்குவதில்லை. முதலில் அருகிலுள்ள கோபுரத்துக்குப் போகும்; அங்கிருந்து கம்பெனியின் இணைப்பகத்துக்குப் போய், மீண்டும் கோபுரத்துக்கு வந்து, பிறகுதான் அண்ணனின் காதுக்கு வரும். இருபது படிக்கட்டுத் தூரத்துக்குப் பல கிலோமீற்றர் பயணம்.

சாதாரண நாட்களில் இதனால் எமக்குக் குறையொன்றும் தெரிவதில்லை. கோபுரம் ஓய்ந்தால்தான் தெரியும். 1998 ஜனவரியில் வந்த பனிக்கட்டிப் புயலை இங்கு நெடுங்காலம் வாழ்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கியூபெக்கில் ஏறத்தாழ 14 இலட்சம் மின் வாடிக்கையாளர்கள் இருளில் கிடந்தார்கள். சிலருக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. 2022 ஜூலை 8ஆம் திகதி ரொஜர்ஸ் நிறுவனத்தின் வலையமைப்பு நாடு முழுவதும் விழுந்தபோது 1 கோடி 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் துண்டிக்கப்பட்டார்கள். கடைகளில் இன்ரறக் அட்டை வேலை செய்யவில்லை. 911 அவசர அழைப்பைக்கூடச் சிலரால் எடுக்க முடியவில்லை. கருவியும் கருவியும் நேரே பேசவேண்டும் என்ற எண்ணம் இப்படியான நாட்களில்தான் பலம் பெறுகிறது.

முதலில் வந்தது வானொலி

கருவிகள் நேரே பேசுவது கைத்தொலைபேசியோடு பிறந்த புதினம் அன்று. வானொலி பிறந்தபோதே அது பிறந்துவிட்டது. எங்கள் நகருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. 1920 மே 20ஆம் திகதி மொன்ட்ரியாலில் இருந்த மார்க்கோனி நிறுவனத்தின் எக்ஸ்.டபிள்யூ.ஏ. நிலையத்திலிருந்து ஒலித்த இசை, ஒட்டாவாவில் கூடியிருந்த ஒரு கற்றோர் அவையில் கேட்டது. கேட்கும் கருவி வைத்திருந்த வேறு எவரும் அதைக் கேட்டிருக்கலாம். வானொலியின் அழகும் அதுதான், ஆபத்தும் அதுதான். காற்றுக்கு மதில் கிடையாது.

தூக்கிச் செல்லக்கூடிய இருவழி வானொலியை முதன்முதல் செய்தவர்களில் டொனால்ட் ஹிங்ஸ் என்ற கனடியர் ஒருவர். 1937ஆம் ஆண்டு பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு சுரங்க நிறுவனத்தில் வேலை செய்யும்போது அவர் அதைச் செய்தார். தந்தியும் தொலைபேசியும் எட்டாத காட்டுப் பிரதேசங்களில் பறக்கும் விமானிகளுக்கு அது தேவைப்பட்டது. இரண்டாம் உலக யுத்தம் வந்ததும் படையினரின் கைக்கு அது போய் "வோக்கிரோக்கி" என்ற பெயரை உலகெங்கும் பரப்பியது. ஹிங்ஸ் 2004ஆம் ஆண்டு காலமானார்.

வோக்கிரோக்கி என்றால் என்ன என்பதை எம்மவருக்கு விளக்க வேண்டியதில்லை. 1990களில் வடக்கில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தது. மின்சாரம் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் செய்தி கேட்ட தலைமுறை நாங்கள். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்போம். அந்த யுத்தத்தில் இரு தரப்பும் மற்றத் தரப்பின் வோக்கிரோக்கிப் பேச்சை ஒட்டுக்கேட்டன. ஆகவே இரு தரப்பும் சங்கேதச் சொற்களில் பேசின. இடையில் எந்தக் கம்பெனியும் இல்லை, கோபுரமும் இல்லை. அப்படியிருந்தும் பேச்சு இரகசியமாக இருக்கவில்லை. தொலைபேசி எடுத்த அந்த அம்மாவுக்கு என் பதிலின் முதற்பகுதி இதுதான்: இடையில் ஆள் இல்லை என்பதால் பக்கத்தில் ஆள் இல்லை என்று ஆகிவிடாது.

அதேவேளை, பூட்டில்லாத பேச்சே உயிர் காத்த நேரமும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தபோது கரையோரங்களில் தொலைபேசி இணைப்புகள் அழிந்தன. அந்தமான் தலைநகர் போர்ட் பிளேயரில் அப்போது தற்செயலாகத் தங்கியிருந்த பாரதி பிரசாத் என்ற இந்திய அமெச்சூர் வானொலியாளர், தனது குழுவினருடன் சேர்ந்து தீவுக்கும் வெளியுலகுக்கும் இடையில் செய்திகளைக் கடத்தினார். இலங்கையில் விக்டர் குணதிலகவும் அவரது வானொலிச் சங்கத்தினரும் தெற்குக் கரையிலிருந்து அவ்வாறே செயற்பட்டார்கள். அமெச்சூர் வானொலியின் விதி, பேச்சை மறைக்கக்கூடாது என்பது. எவரும் கேட்கலாம், ஆகவே எவரும் உதவலாம். பூட்டுவதா திறந்துவிடுவதா என்பது தேவையைப் பொறுத்தது என்பதையும் மனதில் வைத்துக்கொள்வோம்.

நீலப் பல்லும் ஒரு புழுவும்

கைத்தொலைபேசிகள் கோபுரத்தைத் தவிர்த்து நேரே பேசப் பரவலாக வந்த ஒரு வழி புளூடூத். சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தில் 1994இல் இந்த வேலை தொடங்கியது. 1999இல் முதலாவது விதிமுறை வெளிவந்தது. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் புளூடூத் என்ற மன்னனின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள்.

ஐந்தே ஆண்டுகளில் ஒரு தொல்லையும் வந்தது. 2004 ஜூன் மாதம் "கபீர்" என்ற கணினிப் புழு வெளிப்பட்டது. அக்காலத்து நொக்கியா போன்ற கருவிகளில் புளூடூத் வழியே அது தாவியது. அருகிலிருக்கும் தொலைபேசிக்குத் தன்னை அனுப்பி, "ஏற்றுக்கொள்கிறீர்களா?" என்று கேட்கும். "இல்லை" என்று அழுத்தினால் மறுபடியும் கேட்கும். தொற்றிய கருவி கிட்ட நிற்கும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும். கடைசியில் களைத்துப்போய் ஒருவர் "ஓம்" என்று அழுத்துவார். பூட்டை உடைக்காமல் வீட்டுக்காரரின் பொறுமையை உடைத்து உள்ளே வந்த கள்ளன் அது.

2019இல் வெளிவந்த ஆய்வு இன்னும் ஆழமான குறையைக் காட்டியது. இரண்டு புளூடூத் கருவிகள் இணையும்போது, பேச்சைப் பூட்டும் திறப்பு எவ்வளவு நீளமாக இருக்கவேண்டும் என்று தமக்குள் பேசி முடிவெடுக்கும். அந்தப் பேச்சுவார்த்தைக்குப் பாதுகாப்பு இல்லை. அருகில் நிற்கும் ஒருவர் அதில் தலையிட்டு, திறப்பை ஒரேயொரு பைட் அளவுக்குக் குறுக்கச் செய்யலாம் என்று அன்ரோனியோலி, ரிப்பென்ஹவர், ராஸ்முசன் என்ற மூன்று ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். ஒரு பைட் என்றால் 256 சாத்தியங்கள். 256 திறப்புகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கக் கணினிக்குக் கண்சிமிட்டும் நேரம் போதும். விதிமுறை பின்னர் திருத்தப்பட்டது. கருவியைப் புதுப்பிக்கும் அறிவித்தல் வந்தால் தட்டிக்கழிக்க வேண்டாம் என்று பிள்ளைகள் சொல்வது இதனால்தான்.

மொன்ட்ரியாலில் நடந்த வழக்கு

இனி எங்கள் நகரின் கதைக்கு வருவோம். கருவிக்குக் கருவி அனுப்பும் செய்தியின் பாதுகாப்பு நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்ட, உலகம் கவனித்த வழக்கு ஒன்று இங்கேதான் நடந்தது.

ஒன்ராறியோவின் வாட்டர்லூ நகரில் 1984இல் தொடங்கப்பட்ட றிசேர்ச் இன் மோஷன் நிறுவனம் பிளாக்பெரி கருவியைத் தந்தது. 2000களில் கணக்கியல் அலுவலகங்களில் அது இல்லாத இடுப்பே இல்லை எனலாம். எனக்கும் ஒன்று தந்திருந்தார்கள். ஒவ்வொரு பிளாக்பெரிக்கும் எட்டு எழுத்து-எண் கொண்ட "பின்" என்ற தனி அடையாளம் இருந்தது. மின்னஞ்சல் முகவரியும் தொலைபேசி எண்ணும் இல்லாமல் ஒரு பின்னிலிருந்து இன்னொரு பின்னுக்குச் செய்தி அனுப்பலாம். அது நேரே போவதாகத்தான் பாவித்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் தொலைபேசிக் கம்பெனியையும் பிளாக்பெரியின் இடைநிலையத்தையும் தாண்டித்தான் அது போனது. பூட்டித்தான் போனது, அதில் பொய் இல்லை. ஆனால் எந்தத் திறப்பால் பூட்டப்பட்டது?

அங்கேதான் சங்கதி இருக்கிறது. தமக்கெனத் தனித் திறப்பு அமைத்துக்கொண்ட பெரிய நிறுவனங்களைத் தவிர, மற்ற எல்லோருடைய பின் செய்திகளும் உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரே திறப்பால் பூட்டப்பட்டன. அந்தத் திறப்பு ஒவ்வொரு பிளாக்பெரிக்குள்ளும் இருந்தது. இது ஒளித்து வைத்த இரகசியமும் இல்லை. கனடா அரசின் சொந்தத் தகவல் பாதுகாப்பு அமைப்பான சி.எஸ்.ஈ. 2011இல் அரச ஊழியர்களுக்கு இதை எழுத்தில் எச்சரித்தது: எந்த ஒரு பிளாக்பெரியும் வேறெந்தப் பிளாக்பெரியின் பின் செய்தியையும் திறக்கக்கூடும், ஆகவே முக்கியமான விடயங்களை இதில் அனுப்பாதீர்கள் என்பது அதன் சாரம். ஒரு தெருவிலுள்ள எல்லா வீட்டுக்கும் ஒரே திறப்பைச் செய்துவிட்டு, "எல்லா வீடும் பூட்டித்தான் இருக்கிறது" என்று சொல்வதைப் போன்றது அது.

2010இல் ஆர்.சி.எம்.பி. பொலிஸார் மொன்ட்ரியால் மாபியாக் குழுக்கள்மீது "கிளெமென்சா" என்ற பெயரில் விசாரணை தொடங்கினார்கள். அதில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பின் செய்திகள் நீதிமன்ற அனுமதியுடன் இடைமறிக்கப்பட்டன. இதற்கிடையில், 2011 நவம்பர் 24ஆம் திகதி சல்வத்தோர் மொந்தாஞ்ஞா என்ற மாபியாத் தலைவர், எமது தீவின் கிழக்கு முனையைத் தாண்டியுள்ள சார்லமாஞ் ஊரில் சுட்டுக் கொல்லப்பட்டார். பாடகி செலின் டியோன் பிறந்த அதே ஊர்தான். கொலைக்கு முன்னும் பின்னும் சந்தேகநபர்கள் எழுதிய பின் செய்திகள் பொலிஸாரிடம் இருந்தன. அவையே வழக்கின் முதுகெலும்பாயின.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணிகள் ஒரு நியாயமான கேள்வியை எழுப்பினார்கள்: பூட்டிய செய்தியை எப்படித் திறந்தீர்கள்? நீதிமன்ற ஆவணங்களிலிருந்து தெரியவந்தது இது. ஒட்டாவாவில் ஆர்.சி.எம்.பி. ஒரு கணினியை வைத்திருந்தது. செய்தியைப் பெறவேண்டிய கருவியைப் போல அது நடித்து, உலகப் பொதுத் திறப்பைக் கொண்டு செய்தியைத் திறந்தது. திறப்பு எப்படிக் கைக்கு வந்தது என்பதை வெளியிட அரசுத் தரப்பு மறுத்தது. 2015இல் கியூபெக் மேல் நீதிமன்ற நீதிபதி மைக்கேல் ஸ்ரோபர் பல விபரங்களை எதிர்த்தரப்புக்குக் கொடுக்கும்படி கட்டளையிட்டார். அரசுத் தரப்பு மேன்முறையீடு செய்தது. அது விசாரணைக்கு வருமுன், 2016 மார்ச்சில், எஞ்சிய பிரதான சந்தேகநபர்கள் கொலைச் சதிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், மேன்முறையீடும் கைவிடப்பட்டது. அடுத்த மாதம் வைஸ் செய்தி நிறுவனம் இந்த முழு விபரத்தையும் வெளியிட்டது. 2017இல் கிளெமென்சா விசாரணையில் பிடிபட்ட பலர்மீதான வழக்குகளை அரசுத் தரப்பே நிறுத்திக்கொண்டது. அந்த விசாரணையின் பெரும்பகுதி நீதிமன்றத்தில் முழுமையாகச் சோதிக்கப்படாமலே முடிந்தது. பிளாக்பெரியின் பழைய கருவிகளுக்கான சேவையும் 2022 ஜனவரி 4ஆம் திகதி நிறுத்தப்பட்டது.

இந்தக் கதையைக் கேட்டு, "கொலைகாரரைப் பிடித்தது நல்லதுதானே?" என்று நீங்கள் கேட்பீர்கள். நல்லதுதான். பொலிஸார் நீதிபதியின் அனுமதி பெற்றே செய்தார்கள் என்பதையும் நான் மறைக்கவில்லை. பயமுறுத்திக் காசு பறிப்பவர்களாலும் தொலைபேசி மோசடிக்காரராலும் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் எம்மிடையே உண்டு. அவர்களுக்குப் பொலிஸ் வேண்டும். என் மனதை உறுத்துவது வேறு. நீதிபதி தந்த அனுமதி குறித்த சில ஆட்களுக்கானது. கையிலிருந்த திறப்போ உலகத்தின் எல்லாப் பெட்டிகளுக்கும் பொருந்துவது. மாபியாத் தலைவரின் கருவிக்கும் ஒரு தாதியின் கருவிக்கும் ஒரே பூட்டு. அனுமதிப் பத்திரத்துக்கு எல்லை உண்டு, அந்தத் திறப்புக்கு எல்லை இல்லை. ஒருவரின் கையில் நல்லதுக்கு இருக்கும் திறப்பு, நாளைக்கு யார் கையில் எதற்கு இருக்கும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. 2008 ஆகஸ்டில் ஃபிரெடி வில்லனுவேவா என்ற இளைஞர் பொலிஸாரின் சூட்டில் இறந்ததையும் அடுத்த இரவு நடந்ததையும் கண்ட மொன்ட்ரியால்-நோர் மக்களுக்கு இந்த உறுத்தல் புதிதாக இராது.

இதே காலத்தில் இந்தியாவிலும் இப்பிரச்சினை எழுந்தது. பிளாக்பெரிச் செய்திகளைப் பார்க்க வழி தராவிட்டால் சேவையை முடக்குவோம் என்று இந்திய அரசு 2010 ஆகஸ்ட் 31ஆம் திகதியைக் கெடுவாக விதித்தது. இழுபறியின் முடிவில் அந்நிறுவனம் மும்பையில் ஒரு சேவையகத்தை வைத்தது. ஒரு அரசுக்குத் திறக்கக்கூடிய பூட்டை மற்ற அரசுகளும் கேட்கும் என்பதற்கு அது சாட்சி.

பட்டியல் இல்லாமல் ஒரு வழி

கருவிகள் நேரே பேசுவதை நன்றாகச் செய்ய முடியாதா? முடியும். அதற்கும் கனடாவிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கொரோனாக் காலத்தில் வந்த "கோவிட் அலேர்ட்" செயலியைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். 2020 ஜூலை 31ஆம் திகதி ஒன்ராறியோவில் தொடங்கி, ஒக்ரோபர் 5ஆம் திகதி கியூபெக்குக்கும் வந்தது.

அது வேலை செய்த விதம் இப்படி. உங்கள் தொலைபேசி புளூடூத் வழியே ஒரு பொருளற்ற எண்ணை அருகிலுள்ள தொலைபேசிகளுக்குச் சொல்லும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அந்த எண்ணை மாற்றிக்கொள்ளும். மற்றத் தொலைபேசிகள் தாம் கேட்ட எண்களைத் தமக்குள்ளேயே குறித்து வைக்கும். ஒருவருக்கு நோய் உறுதியானால், அவர் சம்மதித்தால் மட்டும், அவருடைய எண்களைக் கண்டுகொள்ள உதவும் குறியீடுகள் பொதுவில் வெளியிடப்படும். மற்றக் கருவிகள் தங்கள் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கும். யார் யாரைச் சந்தித்தார் என்ற பட்டியல் எந்த அலுவலகத்திலும் இல்லை. பெயர் இல்லை, இடம் இல்லை. இந்தியாவின் "ஆரோக்கிய சேது" செயலியோ பெயரையும் தொலைபேசி எண்ணையும் பதிந்து, இருப்பிடத்தையும் எடுத்தது. கனடியச் செயலியைப் போதிய ஆட்கள் பாவிக்கவில்லை என்ற குறை உண்டு. 2022 ஜூன் 17ஆம் திகதி அது நிறுத்தப்பட்டது. ஆனால் எல்லோருடைய தகவலையும் ஓரிடத்தில் குவிக்காமலே கருவிகள் ஒன்றையொன்று அறிய முடியும் என்று அது காட்டிவிட்டுப் போனது.

பட்டியல் இல்லாதது ஏன் முக்கியம் என்று இங்கு பிறந்த பிள்ளைகள் கேட்டால், 1983 ஜூலையை நாங்கள் சொல்லவேண்டும். கொழும்பில் காடையர்கள் தமிழர் வீடுகளைத் தேடி வந்தபோது அவர்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. வாக்களிப்பதற்காக, நல்ல நோக்கத்தோடு, அரசு ஊழியர்கள் வீடு வீடாக வந்து எழுதிய இடாப்பு. எழுதியவர்கள் கொலைகாரர் அல்லர்.  பட்டியல் ஒன்று இருந்தது, ஒருநாள் அது கை மாறியது. அவ்வளவுதான். அகதியாக ஓடிவந்த குடும்பங்களுக்குத் தகவல் பாதுகாப்பு என்பது படித்தவர்களின் பொழுதுபோக்கு விவாதம் அன்று.

ஹொங்கொங்கில் கற்ற பாடம்

2014இல் ஹொங்கொங் மாணவர்கள் வீதியில் இறங்கியபோது, வலையமைப்பு முடக்கப்படலாம் என்ற அச்சத்தில் "ஃபயர்சாட்" என்ற செயலியைத் தரவிறக்கினார்கள். செய்தி ஒரு தொலைபேசியிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு என்று தொட்டுத் தொட்டுப் போகும். ஆனால் அதன் பொது அறைகளில் எழுதுவதை எவரும் வாசிக்கலாம், பொலிஸார் உட்பட. 2019இல் மீண்டும் போராட்டம் வந்தபோது "பிரிட்ஜ்ஃபை" என்ற செயலி பிரபலமானது. 2020 ஓகஸ்டில் இலண்டன் றோயல் ஹொலவே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். யார் யாரோடு பேசுகிறார் என்று அறியலாம், இன்னொருவராக நடிக்கலாம், செய்தியை வாசிக்கலாம் என்று தெரியவந்தது. பின்னர் அந்நிறுவனம் சிறந்த பூட்டு முறை ஒன்றை இணைத்துக்கொண்டது. அதை இணைத்த விதத்திலும் பின்பு குறைகள் காணப்பட்டன. கோபுரம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஆயிரக்கணக்கான இளையோர் அதை நம்பினார்கள் என்பதுதான் கவலைக்குரியது.

இனி வரும் கருவிகள்

கடைசியாக, நேயர்கள் கேட்ட புதிய தொழில்நுட்பத்துக்கு வருவோம். கைத்தொலைபேசி விதிமுறைகளை வகுக்கும் 3ஜிபிபி என்ற சர்வதேசக் கூட்டமைப்பு, 2015இல் நிறைவுசெய்த தனது 12ஆவது வெளியீட்டில், அருகருகே உள்ள தொலைபேசிகள் நேரே பேசும் முறையைச் சேர்த்தது. பொலிஸ், தீயணைப்பு, அம்புலன்ஸ் சேவைகளே முதல் நோக்கம்: கோபுரம் விழுந்த இடத்திலும் அவர்கள் தமக்குள் பேசவேண்டும். அடுத்த வெளியீட்டில், கோபுரம் எட்டாத கருவிக்கு எட்டும் கருவி பாலமாக நிற்கும் முறை வந்தது. பின்னர் வாகனங்கள் ஒன்றோடொன்று பேசும் முறையும் வந்தது. செயற்கைக்கோளோடு தொலைபேசி பேசுவது வேறு விடயம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இதன் பாதுகாப்பில் மூன்று பிரச்சினைகளை வல்லுநர்கள் காண்கிறார்கள். ஒன்று, ஆளடையாளம். பேச வரும் கருவி உண்மையில் அவருடையதா? வழமையாகக் கோபுரத்துக்குப் பின்னால் உள்ள கம்பெனி இதைச் சரிபார்க்கும். கோபுரம் இல்லாதபோது முன்கூட்டியே கொடுத்துவைத்த திறப்புகளை நம்பவேண்டும். தீயணைப்புக் குழுவுக்கு ஒரு குழுத் திறப்பு உண்டு என்று வைப்போம். குழுவில் ஒருவரின் கருவி தொலைந்தால் முழுக் குழுவுக்கும் பூட்டு மாற்றவேண்டும். இரண்டாவது, பின்தொடரல். "நான் இங்கே இருக்கிறேன்" என்று கருவி இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தால், கேட்பவர் அதன் நடமாட்டத்தை அறிவார். அதனால்தான் மாறும் எண்கள் தேவை. மூன்றாவது, பாலமாக நிற்பவர். உங்கள் செய்தி ஒரு அந்நியரின் தொலைபேசி ஊடாகப் போகும்போது, அவர் தபாற்காரராக மட்டும் இருக்கவேண்டும். கடிதத்தை வாசிப்பவராக இருக்கக்கூடாது. விதிமுறைகளில் இம்மூன்றுக்கும் பதில் எழுதப்பட்டிருக்கிறது. எழுதியதைக் கம்பெனிகள் ஒழுங்காகச் செய்கின்றனவா என்பதில்தான் முழுப் பலனும் தங்கியிருக்கிறது. ஐந்தொகை சமப்பட்டுவிட்டது என்பதற்காகக் கணக்குச் சரியென்று எந்தக் கணக்காளனும் கையெழுத்து வைப்பதில்லை அல்லவா?

நாம் செய்யக்கூடியவை

பெரிய அரசுகளையும் கம்பெனிகளையும் நாம் ஆட்டிப்படைக்க முடியாது. ஆனால் சில பழக்கங்கள் எம் கையில் இருக்கின்றன. புளூடூத் தேவையில்லாத நேரத்தில் அணைத்து வையுங்கள். அப்பிள் தொலைபேசியில் "எயார்ட்ரொப்" எல்லோருக்கும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அது தொலைபேசி எண்ணைக் கசியவிடக்கூடும் என்று ஜேர்மனியின் டார்ம்ஸ்ராட் ஆய்வாளர்கள் 2021இல் வெளிப்படுத்தினார்கள். முன்பின் தெரியாத இணைப்புக் கேள்வி எத்தனை முறை வந்தாலும் "ஓம்" என்று அழுத்தாதீர்கள்; கபீர் புழுவை நினைத்துக்கொள்ளுங்கள். கருவியைப் புதுப்பியுங்கள். ஊரிலுள்ள உறவுகளின் அடையாள அட்டைப் படங்களையும் அகதி விண்ணப்பக் கடிதங்களையும் அனுப்புமுன், இந்தச் செய்தியின் திறப்பு எங்கள் இரு கருவிகளில் மட்டும் இருக்கிறதா, அல்லது வேறு எங்காவது பிரதி இருக்கிறதா என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாவிட்டால் சேர்ந்து தேடிப் பாருங்கள். இரு முனைகளிலும் மட்டும் திறக்கும் பூட்டு முறை இன்று சாதாரண செயலிகளிலேயே உண்டு.

எயார்ட்ரொப் அமைப்பை எப்படி மாற்றுவது என்று விளங்காதவர்கள் நிகழ்ச்சி நேரத்தில் அழையுங்கள். எமது இளைய தொண்டர்கள் தமிழிலேயே சொல்லித் தருவார்கள். அடுத்த மாத உரையில் இன்னொரு விடயத்துடன் சந்திப்போம்.